காவலுக்கு யாரை வைப்பது?

"கையெழுத்துப் போடவா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றபடி நகாவா கிகுண்டுவின் முன் வந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. அவளுக்கு அவ்வளவு கோபம்.

கம்பாலாவில் அவளுக்குத் துணிக்கடை. அந்தக் கட்டடத்தில் மற்றவர்கள் எல்லோரும் லுபேகாவின் 'சிறுத்தை' காவல் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இவள் ஒருத்திதான் மசியவில்லை. தன் காவல்காரன் ஓஜோக்கே போதும் என்றாள். முந்தாநாள் இரவு கடையை உடைத்துத் துணிக்கட்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலிலேயே தூங்கிப்போன ஓஜோக் திருடனுக்கு உடந்தை என்று போலீஸ் உள்ளே வைத்துவிட்டது. இன்று கையெழுத்துப் போடாவிட்டால் கடையைக் காலி செய் என்று கட்டடத்துக்காரர் சொல்லிவிட்டார்.

"துணியைத் தவிர வேற என்ன போச்சு?" என்று நிதானமாகக் கேட்டார் கிகுண்டு. போலீஸிலிருந்து ஓய்வுபெற்றுத் தனியாகத் துப்பறிகிறவர்.

"ஓஜோக் தலையில இருந்த தொப்பி. கிழிஞ்ச கம்பளி. நான்தான் மஞ்சத்துணி வெச்சு ஒட்டுப்போட்டுக் குடுத்தேன். அதையுமா எடுப்பானுங்க, பிச்சக்காரப் பயலுக!"

"குளிருக்கு எடுத்திருப்பான் சார்!" உதவியாளன் வாஸ்வா குதித்தான். மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டிய காலத்திலிருந்தே அவனுக்கு வாய்தான் முன்னால் போகும்.

கிகுண்டு எழுந்தார். "வாங்க, லுபேகாவைப் பாத்துட்டு வருவோம்."

லுபேகாவின் அறையில் அதே கட்டடத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர், நகாவா கையெழுத்துப் போடுவதை வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே நகாவாவிடம் பேனாவை நீட்டினான். நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொப்பிகள் கொத்தாகத் தொங்கின.

"இதென்ன, தொப்பிக் கடையா?" என்றார் கிகுண்டு.

"ராத்திரி எங்க மேற்பார்வையாளர் சுத்தி வருவாருங்க. எவன் தூங்குறானோ அவன் தொப்பியைக் கழட்டிட்டு வந்து இங்க மாட்டிடுவாரு. காலைல அவன் வந்து கெஞ்சணும்." லுபேகாவின் குரலில் பெருமை வழிந்தது.

"எல்லாம் உங்க ஆளுங்களோடதுதானே?"

"பின்ன யாருது?"

கிகுண்டு கண்ணைக் காட்டினார். வாஸ்வா கொத்தைக் கிளறினான். அடியிலிருந்து மஞ்சள் ஒட்டுப்போட்ட கம்பளித் தொப்பி வந்தது. நகாவாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ரோட்டுல கெடந்திருக்கும்..." லுபேகா இழுத்தான்.

"இப்பதானே உங்க ஆளுங்களோடதுன்னீங்க? ஓஜோக் உடந்தைன்னா அவன் தொப்பிய எதுக்குக் கழட்டணும்? துணி திருட வந்தவனுக்குக் கிழிஞ்ச தொப்பி எதுக்கு? தூங்குறவன் தலையப் பாத்ததும் தானா நீளுதே, அது வருஷக்கணக்கா அதையே செஞ்ச கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். உங்க மேற்பார்வையாளர் துணிய வண்டியில ஏத்திட்டு, பழக்கதோஷத்துல தொப்பியையும் கழட்டிட்டாரு. ஆணியிலயும் மாட்டிட்டாரு. துணிக்கட்டு எங்கன்னு உங்க வண்டி ஷெட்டைத் திறந்தா தெரியும்."

லுபேகாவின் முகம் செத்துப்போனது. வாஸ்வா அதற்குள் போலீஸுக்கு போன் போட்டுவிட்டான்.

"இருக்கட்டும்மா" என்றான் லுபேகா, நகாவாவிடம் ஏளனமாக. "அப்பவும் உன் ஆளு தூங்குனான்ல? தூங்குமூஞ்சியையா காவலுக்கு வைப்பே?"

"வைப்பேன்டா. தூங்குறவனை எழுப்பிக்கலாம். முழிச்சிருந்து திருடுற உன்னை என்ன பண்றது?"

பேனாவை அவன் மேசையிலேயே போட்டுவிட்டு, ஓஜோக்கை அழைத்துவரப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தாள். அவள் வாசலைத் தாண்டுமுன், பக்கத்துக் கடைக்காரி லுபேகாவின் முன் போய்க் கையை நீட்டி நின்றாள். "என் ஒப்பந்தத்தை எடு."