எச்சில் பட்ட கட்டுரை

பிரிண்டரிலிருந்து வந்த தாள் ஈரமாக இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் குழாய்களில் வெறும் காற்று வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர்ப் பங்கீடு. டியூஷன் சென்டர் கக்கூஸ் வாளியில் மண்டியாகக் கொஞ்சம் கிடந்தது, அதற்கும் பூட்டு. கூரை ஒழுகவில்லை, ஏர்கான் கெட்டு மாதக்கணக்காகிறது, மழையையே ஊர் மறந்துபோயிருந்தது. அப்படியிருக்க, கீழ்க்கடைச் சாம்பிராணியும் வாடிய மாலைகளும் தண்டவாளத்தோரச் சாக்கடையும் ஒன்றாகக் கலந்து ஏறிவரும் அந்த மாடி அறையில், கரகரவென்று வெளியே வந்த தாளின் ஓரம் மட்டும் எப்படி நனையும்? புஷ்பவல்லி டீச்சர் அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். பிசுபிசுத்தது. விரலை எடுத்தபோது மெல்லிய நூல்போல் ஏதோ இழுபட்டு அறுந்தது. அதை மோந்து பார்த்திருக்கவே வேண்டாம். பல் துலக்காத வாய் நாற்றம்.

"சீ, கருமம்!"

டஸ்டரில் விரலைத் தேய் தேயென்று தேய்த்தாள். மை ஒழுகியிருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மைக்கு ஏது வாய்?

அது சீதாலெட்சுமியின் கட்டுரை. பள்ளியில் ஐந்தாம் படிவம், கம்போங் மேடான் பிளாட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளை. 'எனக்குப் பிடித்த உணவு' என்று அம்மா வைக்கும் நெத்திலிக் குழம்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கடைசி வரிக்குக் கீழே இன்டர்நெட் எழுதி அனுப்பிய குறிப்பு இருந்தது. 'ருசியாக இருக்கிறது. உப்புதான் ஒரு கல் கூடுதல்.'

டீச்சர் கட்டுரையை மேலிருந்து கீழ்வரை தேடினாள். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன் சென்டர் முதலாளி பழனியப்பன். அவரே கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார் என்றால், எதிர்த்த தெரு சென்டர்காரன் முதலில் வாங்கிவிட்டான் என்பதுதான் காரணம். வாசலில் 'இன்டர்நெட் வழி கட்டுரைத் திருத்தம்' என்று பேனரும் கட்டிவிட்டார். திருத்துகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது டீச்சர். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம், அடியில் ஒரு பொத்தான், வேறொன்றுமில்லை. யார் நடத்துகிறார்கள் என்று எங்கும் போட்டிருக்கவில்லை. பிள்ளைகள் தட்டச்சு செய்து அனுப்புவார்கள், கொஞ்ச நேரத்தில் குறிப்போடு திரும்பி வரும். பிழை இருந்தால் சொல்லும், விவரம் போதாவிட்டால் கேள்வி கேட்கும். கட்டுக்கட்டாகத் திருத்தித் திருத்திக் கழுத்து ஒடிந்துபோயிருந்த டீச்சருக்குக் கும்பிட்ட தெய்வம் நேரில் வந்தது போலிருந்தது. வகுப்பில் சட்டம் போட்டாள்: "நான் சிவப்பு மையில எழுதுனா எப்படியோ, இதுவும் அப்படித்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதி கரெக்‌ஷன் முடிக்கணும். ஒண்ணுகூட விடக்கூடாது. யாரும் எங்கிட்ட வாதாட வேண்டாம்." பிள்ளைகளும் வாதாடவில்லை.

அடுத்த வகுப்பில் சீதா பெஞ்சின் ஓரத்தில் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள்.

"என்னமா, சாப்பிடலியா?"

"அம்மா கொழம்ப வாயில வைக்க முடியல டீச்சர். யாரோ மென்னுட்டுத் திருப்பித் தட்டுல துப்புன மாதிரி இருக்கு. வழவழன்னு, வெதுவெதுன்னு."

வகுப்பே சிரித்தது. டீச்சரும்தான். "ஒனக்கு வாய்க்கொழுப்புமா. இருக்குற தண்ணியில அம்மா சமைச்சுப் போடுறதே பெருசு."

ஆனால் இந்துமதி சிரிக்கவில்லை. அவள் தன் பூனையைப் பற்றி எழுதியிருந்தவள். வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்றாள். பூனை முழுக்க நனைந்து வீட்டுக்கு வந்ததாம், அலமாரிக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டே கிடக்கிறதாம், ரோமமெல்லாம் ஒரே பக்கமாக ஒட்டிக்கிடக்கிறதாம். "அது தன்னைத்தானே நக்குனா அப்படி இருக்காது டீச்சர். ஒரு காதைக் காணோம். காயமில்ல, ரத்தமில்ல. தேஞ்சு போயிருக்கு."

டீச்சர் ஆங்கிலம் படித்து வேலைக்கு வந்தவள், பேய் பிசாசு என்று பிள்ளைகள் முன்னால் பேசுவாளா? அவர்கள் போனபிறகு தானே உட்கார்ந்து நாலே வரி அடித்தாள். தினமும் காலையில் தான் குடிக்கிற காப்பியைப் பற்றி. பில்டர் டிகாஷன், டின் பால், எவர்சில்வர் டம்ளர். பொத்தானை அமுக்கினாள். பதில் வந்தது. 'நன்றி. கொஞ்சம் சூடாக இருந்திருக்கலாம்.'

மறுநாள் காலை காப்பியை ஆற்றி வைத்துவிட்டு வாசல் கதவைத் திறந்துவிட்டு வந்தாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. டம்ளர் விளிம்பில் உதட்டுத் தடம் இருந்தது. மனுஷ உதடென்று சொல்ல முடியாத அளவுக்கு அகலம், டம்ளரின் பாதி வட்டத்தை அது கவ்வியிருந்தது. தடத்திலிருந்து நுரை கலந்த கோழை கோடாக வடிந்து, காப்பியின் மேல் ஆடைபோலப் படர்ந்து மிதந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ மென்ற சக்கை. டீச்சர் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். கழுவித் தள்ளத் தண்ணீர் இல்லை. அந்த வாந்தியும் அந்த நாற்றமும் சாயங்காலம்வரை அப்படியே கிடந்தன. அதன்பிறகு எதை வாயில் வைத்தாலும், ரொட்டித் துண்டானாலும், யாருடைய எச்சிலோ என்று துப்பினாள்.

சென்டருக்குப் போய்ப் பழனியப்பனிடம் சொன்னாள்.

"தண்ணி இல்லாத ஊருதானே டீச்சர், எல்லாம் நாறத்தான் செய்யும். பேனர் கட்டியாச்சு, பிள்ளைங்க சேருதுங்க. இதப்போயி வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க."

"மனுஷனா நீங்க? ஒரு பூனைக்குக் காதே இல்லங்குறேன்!"

"பூனைக்குச் சண்டையில காது போகும். நீங்க ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ரெஸ்ட் எடுங்க."

அவர் கீழே இறங்கிப் போனதும் டெலிபோன் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி எறிந்தாள். பெரிய பாரம் இறங்கியது. இனி ஒன்றும் போகாது, ஒன்றும் வராது என்று நினைத்துக்கொண்டு, பிரிண்டர் தட்டில் கிடந்த பழைய தாள்களைக் குப்பையில் போட அள்ளினாள். அடியில் இருந்த தாள் ஓரத்தோடு நிற்கவில்லை, முழுக்க ஊறிப் போயிருந்தது. சோற்றுப் பருக்கைபோல் எழுத்துகள் கையில் ஒட்டிக்கொண்டு வந்தன.

நேற்று சீதாலெட்சுமி அனுப்பியது. 'நான் நேசிக்கும் ஒருவர்.'

'என் தம்பி பெயர் சபாபதி. எங்கள் தாத்தாவின் பெயர். இன்னும் ஒரு வயது ஆகவில்லை. இரண்டு பல் இருக்கிறது. என்னைப் பார்த்தால் சிரிப்பான்.'

அதன் கீழே குறிப்பு. 'தொடக்கம் மிருதுவாக இருக்கிறது. ஆனால் விவரம் போதாது. அவன் எப்போது தூங்குவான்? எங்கே தூங்குவான்? அப்போது வீட்டில் யார் இருப்பார்கள்? அவன் பிடரியில் என்ன மணம்? எழுதி அனுப்பவும்.'

முன்னறை வகுப்பில் பிள்ளைகள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். டீச்சர் ஓடிப்போய்ப் பார்த்தாள். சீதாவின் இடம் காலி.

"இந்து! சீதா எங்க?"

"கரெக்‌ஷன் முடிச்சிட்டு வரேன்னா டீச்சர். நேத்தே ஸ்கிரீனப் பார்த்துக் கேள்வியெல்லாம் எழுதிக்கிட்டா. அவ வீட்டுப் பக்கத்துல சைபர் கஃபே இருக்கு, அங்கருந்து அனுப்புவா."

"எல்லாத்துக்கும் பதில் எழுதுறாளா?"

"நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணுகூட விடக்கூடாதுன்னு."

உள்ளே பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

பிடுங்கிப் போட்ட ஒயர் தரையில்தான் கிடந்தது. பிரிண்டர் ஓடியது. தாள் மெதுவாக, மிக மெதுவாக, நாக்கை நீட்டுவதுபோல் வெளியே வந்தது. அதில் சீதா எழுதிய பதில்கள் இருந்தன, பிழையில்லாத நல்ல ஆங்கிலத்தில். 'தம்பி சாயங்காலம் ஹாலில் தூங்குவான். தண்ணீர் லோரி வந்தால் அம்மா வாளியோடு கீழே போய்விடுவார். வரிசை நீளமாக இருக்கும். அப்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அவன் பிடரியில் பால் மணமும் பவுடர் மணமும் வரும்.'

கீழே ஒரே வரி. 'இனிக் கேட்க ஒன்றுமில்லை.'

பிரிண்டர் தட்டு நிரம்பி வழிந்தது. மேசை விளிம்பிலிருந்து கோழை நூலாக இறங்கித் தரையைத் தொட்டது.

சீதா வீட்டில் டெலிபோன் கிடையாது. டீச்சர் தெருவுக்கு ஓடி முதலில் கண்ணில் பட்ட டாக்ஸியில் விழுந்தாள். பழைய கிள்ளான் சாலை வெயிலில் தார் இளகிக் கிடந்தது, வண்டிகள் ஊர்ந்தன. கொஞ்ச தூரம் போனதும், முன்னால் நாலைந்து வண்டி தள்ளி ஒரு பெரிய நீலத் தொட்டி ஆடி ஆடிப் போவது தெரிந்தது. அதன் பின்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.

"அண்ணே, அந்த லோரி எங்க போகுது?"

"தண்ணி லோரிங்களா? கம்போங் மேடான்தான்."

"முந்துங்க! எப்படியாவது அத முந்துங்க!"

"ரோடெல்லாம் ஜாமா கெடக்கு, எங்குட்டு முந்துறது அக்கா? அது நேரத்துக்குப் போகணும்னுதான் அங்க எல்லாரும் சாமிய வேண்டிக்கிட்டு இருக்காங்க." டிரைவர் கண்ணாடியில் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

லோரி முன்னாலேயே போனது. டீச்சர் வாய்க்குள் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது. அதை ஈரமாக்க எச்சில் கூட்டவும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பிளாட்டுக்குக் கீழே திருவிழாக் கூட்டம். வாளி, குடம், பெயின்ட் டப்பா, குழந்தை குளிக்கிற பேசின். லோரி வந்து நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. சீதாவின் அம்மா வீரம்மா வரிசையின் நடுவில் நின்று, வேர்வை முகத்தோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"அட, டீச்சரா! சீதா இன்னும் வரலியே."

"கொழந்த எங்க?"

"மேல தூங்குறான். இப்பதான் கண்ணசந்தான். ஏன் டீச்சர், என்ன ஆச்சு?"

டீச்சர் படிக்கட்டை நோக்கி ஓடினாள்.

படிக்கட்டு முழுக்க மூத்திர வாடை. அதற்குமேல் வறுத்த கருவாட்டு வாடை. அதற்கும் மேல் ஏற ஏற, இரண்டையும் மூடிக்கொண்டு அந்த வாடை. பல் துலக்காத வாய். இப்போது மிக அருகில். மூச்சு விடுகிற வாய்.

கதவு ஒருக்களித்துக் கிடந்தது. வாசல் நடை காய்ந்திருந்தது.

உள்ளே தரை ஈரம்.

செருப்பு வழுக்கிச் சுவரைப் பிடித்தாள். சுவரும் ஈரம். காலண்டர் ஊறித் தொங்கியது. சாமி படத்துக் கண்ணாடி வழிந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாத வீடு.

சப். சப். சப்.

குழந்தை விரல் சப்புகிறது என்று ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. குழந்தை வாய்க்கு அவ்வளவு சத்தம் வராது என்று மறு நொடியே தெரிந்தது.

ஹாலின் நடுவே ஸ்பிரிங்கில் தொங்கியது சாரோங் துணித் தொட்டில். கட்டம் போட்ட பழைய சாரோங். அதிலிருந்து சொட்டவில்லை, நூலாக வடிந்தது. ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் கனத்துக்கு அந்த ஸ்பிரிங் இவ்வளவு நீளாது. கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது.

"சபா... சபாக்கண்ணு..."

சத்தம் நின்றது.

பிறகு, முன்னைவிட ஆசையாக, மறுபடியும் தொடங்கியது.

ஓடிவிடு என்றது உடம்பு. கையை உள்ளே விட்டாள்.

துணி சூடாக இருந்தது. துணியில்லை. உட்பக்கம் பொடிப்பொடியாகச் சொரசொரத்தது, மாட்டு நாக்கைத் தொட்டதுபோல். அது அவள் மணிக்கட்டைச் சுற்றி ஒருமுறை புரண்டது. ருசி பார்த்தது. வேண்டாமென்று விட்டது.

மடிப்புக்கு நடுவே சபாவின் ஒரு கண். திறந்திருந்தது. அழவில்லை. அவளையே பார்த்தது. இமைத்தது.

"ஐயோ, உசிர் இருக்கு..."

துழாவினாள். ஒரு கால் அகப்பட்டது. பிடித்து இழுத்தாள். உள்ளிருந்தும் இழுத்தது. அவசரமில்லாமல், கொடுக்க மனமில்லாமல். கீழே வாளிகளில் தண்ணீர் விழும் சத்தம், சனங்களின் சிரிப்பு. படிக்கட்டில் வீரம்மாவின் குரல்: "டீச்சர்! முழிச்சிட்டானா? ஒரு வாளி கொண்டு வரேன், குளிப்பாட்டிடலாம்!"

டீச்சர் பல்லைக் கடித்து இழுத்தாள். கால் வெளியே வந்தது.

உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருந்தது. வழவழவென்று இருந்தது. விரல்களைத் தேடினாள். விரல் இல்லை. குதிகால் இல்லை. காயமில்லை, ரத்தமில்லை. சப்பிச் சப்பிக் கரைந்த கல்கண்டுபோல உருண்டையாய், ஒரு மடிப்பும் இல்லாமல், அது அவள் கையில் கிடந்தது. முழங்காலுக்கு மேலே, சாரோங் மெதுவாக மூடியது.

ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.