முதுகில் மிதக்கும் மிருகம்

ஃபேனுக்குக் கீழே கட்டிய கொடியில் புருஷன் சுரேஷ்பாபுவின் பனியன் நன்றாகக் காய்ந்திருந்தது, இடது தோளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் மட்டும் ஈரம். யமுனா அந்த இடத்தைப் பிழிந்து பார்த்தாள். தண்ணீர் சொட்டியது. முகர்ந்தால் வியர்வையும் இல்லை, சோப்பும் இல்லை. பாசி பிடித்த குளத்தின் கடைசிப் படியில் உட்கார்ந்தால் வருமே, அந்தக் குளிர்ந்த வாடை. திருப்பதியில் மழை விட்டபாடில்லை, உப்பு ஜாடியிலிருந்து தலையணை வரை வீட்டில் எல்லாமே நசநசத்துக் கிடக்கிறது, இதற்கெல்லாமா பயப்படுவது என்று தன்னையே திட்டிக்கொண்டு பனியனை மறுபடி கொடியில் போட்டாள். ஆனால் முதுகில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். குத்தியவளே அவள்தான்.

யமுனா நகரியில் விசைத்தறி வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தபின் தொழில் கற்று, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜ் படிக்கட்டை ஒட்டி, ஓர் ஆள் படுக்கிற அளவு இடத்தில் டாட்டூ கடை வைத்திருந்தாள். மலைக்கு வருகிறவர்கள் நாமமும் சங்கு சக்கரமும் கேட்பார்கள். காலேஜ் பிள்ளைகளுக்கு அதெல்லாம் போதாது, ஃபோனை நீட்டி கெல்டிக் முடிச்சு வேண்டும் என்பார்கள். சிக்குக் கோலம் மாதிரி மேலும் கீழுமாக ஓடும் கோடு என்பதால் அவளுக்கு அது கைவந்த கலை. அவர்கள் காட்டும் வலைப்பக்கத்தில் அர்த்தமும் போட்டிருக்கும்: தொடக்கமும் முடிவும் இல்லாத கோடு அறுபடாத பந்தம், மூன்று சுழி என்றால் நிலம், நீர், வானம். போன வாரம் காதலிக்கத் தொடங்கியவர்கள் அறுபடாத பந்தத்தை மணிக்கட்டில் குத்திக்கொண்டு போவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாக வரும்.

அதே பக்கத்தின் அடியில்தான் அந்த மிருகம் இருந்தது. ஸ்காட்லாந்தில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பிக்ட் என்ற ஜனங்கள் கல்லில் செதுக்கியதாம். நீண்ட மூக்கு, தலை உச்சியிலிருந்து பின்பக்கம் வளைந்து தொங்கும் ஒரு கொடி, தரையை மிதிக்காமல் நுனியில் சுருண்ட கால்கள். மற்றதற்கெல்லாம் வாய் நிறைய அர்த்தம் சொன்னவர்கள், இதற்கு மட்டும் யாருக்கும் தெரியாது, தண்ணீரில் வாழும் ஏதோ ஒன்றாக இருக்கலாம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கண் இருக்க வேண்டிய இடம் கல்லில் தேய்ந்து வெறுமையாக இருந்தது.

"இது ஏனுகுதானே? எனக்கு இதைப் போடு," என்றான் சுரேஷ்பாபு. டாக்சி ஓட்டுகிறவன். சொந்த ஊர் பலமனேர் பக்கம். போன வருஷம் காட்டிலிருந்து இறங்கிய யானைகள் அவன் அண்ணனின் தக்காளித் தோட்டத்தைத் துவைத்துவிட்டுப் போயிருந்தன.

"தண்ணில கீறதுன்னு போட்டுக்கினு கீறாங்க. இது யானை இல்லீங்க."

"யானை தண்ணில எறங்காதா? முதுகுல யானை கீதுன்னா, நம்ம ஆளுதான்னு அதுங்க பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். நீ போடு."

சொன்னால் கேட்கிற மனுஷன் இல்லை. போட்டாள். சுற்றிலும் அதே பச்சை மையில், கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடிச்சு வேலி கட்டினாள்.

எந்த டாட்டூ முடிந்தாலும், குழந்தைக் கன்னத்தில் வைப்பதுபோல, ஓரமாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பது யமுனாவின் வழக்கம். வாடிக்கையாளர் யாரும் கவனித்ததுகூட இல்லை. அன்று ஓரமெல்லாம் முடிச்சு நிறைந்திருந்தது. கண்ணுக்கு வெறுமையாகப் பட்ட ஒரே இடத்தில் ஊசியை வைத்து எடுத்தாள். எடுத்த பிறகுதான் மிருகம் அவளைத் தாண்டி எங்கோ பார்ப்பது தெரிந்தது. அவள் கண்ணை வைத்துவிட்டாள்.

நகரியில் அவர்கள் தெரு அம்மனுக்குக் கண் திறந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஸ்தபதி ஒருவரைத் தவிர எல்லோரையும் வெளியே துரத்தினார்கள். திறந்த கண்ணுக்கு முதலில் கண்ணாடி, பிறகு பசுவும் கன்றும். முதலில் எதைப் பார்க்கிறதோ அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், அதனால் மனுஷர் யாரும் எதிரில் நிற்கக் கூடாது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். யமுனா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, கால்களை ஆட்டிக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள் பிரித்திகா. யூகேஜி படிக்கும் மகள். ஒரே மகள்.

வெறும் மைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் இந்த ஈரம் தொடங்கியது.

பனியனோடு நிற்கவில்லை. டாக்சி சீட்டில் ஈரம், பாயில் ஈரம். முதுகு சுவரைப் பார்த்து இருக்கும்படி அவனைப் படுக்கச் சொன்னாள். விடிந்தபோது சுவரில் நீளமாக ஓர் ஈரத்தடம் மேலேறியிருந்தது. அவன் எப்போதோ புரண்டிருந்தான், முதுகு பிள்ளையின் பக்கம் இருந்தது. "மழைக்கு செவுரு ஊறிக்கினு கீது, ஓனர்கிட்ட சொல்லணும்," என்று பல் துலக்கப் போய்விட்டான். கீழே குனிந்திருந்த மிருகத்தின் மூக்கு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறதோ என்று அவளுக்கு உறைத்தது. ஃபோனில் இருந்த படத்தோடு ஒத்துப் பார்த்தாள். நிமிர்ந்துதான் இருந்தது.

பிரித்திகாவுக்குத் தலை பின்னும்போது அவள் தானாகவே சொன்னாள். "மா, நைனா முதுகுல கீற யானை என்னையே பாத்துக்கினு கீது."

"நைனாதான் சட்டை போட்டுக்கினாரே. இன்னும் எங்க பாக்குது?"

"சட்டைக்குள்ள இருந்து பாக்குது."

யமுனாவின் கையிலிருந்த பின்னல் அவிழ்ந்தது. அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தப்பை இப்போதாவது சரிசெய்யலாம் என்று, சுரேஷ்பாபு சட்டை மாற்றும்போது அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி வந்து அவன் முதுகுக்கு நேராகப் பிடித்தாள். கண்ணாடிக்குள் மிருகம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது தன் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பார்வை போன பக்கத்தில், கண்ணாடியின் ஓரத்தில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் பிரித்திகா.

யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி. வேண்டாத பெயரை, பிரிந்துபோன காதலை, எத்தனை பேருக்குக் கறுப்பு மையால் அடைத்து மறைத்திருக்கிறாள். இந்தக் கண்ணையும் அடைத்துவிடலாம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போனது. கடையிலிருந்து பேட்டரி மெஷினை எடுத்து வந்திருந்தாள். எமர்ஜென்சி லைட்டை ஏற்றிப் பக்கத்தில் வைத்தாள். வாசல் கதவுக்கு மேல் தாழ்ப்பாளும் போட்டாள். கூரைத் தகரத்தில் மழை ஒரே சீராக இறங்கியது. தெருச் சாக்கடை நிரம்பி ஓடும் சத்தமும், எங்கோ மூடாத ஜன்னல் அடித்துக்கொள்ளும் சத்தமும், அடுப்படிக் குழாயிலிருந்து விட்டுவிட்டு விழும் சொட்டும் ஒன்றோடொன்று கலந்து, வீடே தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. சுரேஷ்பாபு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, சாய்மானத்தில் நெற்றியைப் பதித்துக்கொண்டான்.

"பாவம்மே அது, கண்ணைப் புடுங்கிட்டா தடவிக்கினுதான் நடக்கணும்," என்றான். நாளெல்லாம் சித்தூருக்கும் திருப்பதிக்குமாக வண்டி ஓட்டியதில் அவனுக்குப் பாதித் தூக்கம்.

பிரித்திகாவை அவன் முன்பக்கம் தரையில் உட்காரவைத்தாள். அங்கே இருந்தால் அந்தக் கண்ணில் படமாட்டாள். சுற்றி வந்து பார்க்க அதற்குக் காலா இருக்கிறது என்று நினைத்தாள், நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பாப்பா, ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்த தெலுங்கு அ, ஆ சொல்லிக்கினே இரு. நிறுத்தக் கூடாது. அம்மாக்கு கேட்டுக்கினே இருக்கணும்."

"அ, அம்மா. ஆ, ஆவு."

மெஷின் உறுமியது. ஊசியை வைத்தாள். மை இறங்கியது. பரவவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். இறங்கிக்கொண்டே போனது, அடியில்லாத பாத்திரத்தில் ஊற்றுவதுபோல. ரத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது. குளிர்ந்த தண்ணீர். கையுறை நனைந்தது.

"இ, இல்லு. ஈ, ஈக."

துடைத்தாள். மறுபடி ஊறியது. பாசி வாடை மூக்கைக் குத்தியது. சாமியே, சாமியே என்று வாய் முணுமுணுத்தது. கோடு தாண்டக் கூடாது.

"உ..."

கறுப்பு பிடித்தது. மெல்ல. ஓரத்திலிருந்து உள்ளே. பொட்டு பெரிதாகி, கண் முழுக்க நிரம்பி, இனி கண்ணே இல்லை. ஒரு கறுப்புத் திட்டு மட்டும். யமுனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மெஷினை நிறுத்தினாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"பாப்பா?"

கையுறையைக் கழற்றினாள்.

"பாப்பா, ஏன் நிறுத்திட்ட?"

நாற்காலியைச் சுற்றி வந்தாள். தரையில் யாரும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் தண்ணீர். தண்ணீரில் ஒரு ரப்பர் பேண்ட். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். அடுப்படி. குளியலறை. இல்லை. இல்லை. வாசல் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. மேல் தாழ்ப்பாளும். பிள்ளையின் கைக்கு எட்டாத தாழ்ப்பாள்.

சுரேஷ்பாபு நெற்றியை எடுக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில், எரிச்சலும் செல்லமுமாகச் சொன்னான்.

"யமுனா, பாப்பாவை எறங்கச் சொல்லு. முதுகு மேல ஏறிக்கினு கீறா. கனமா கீது."

அவள் லைட்டைத் தூக்கினாள்.

முடிச்சு வேலி அப்படியே இருந்தது. மிருகமும் இருந்தது. அதன் மேல், அதே பச்சை மையில், அதே மெல்லிய கோட்டில், இரட்டைப் பின்னலோடு ஒரு சின்ன உருவம் குந்தியிருந்தது. ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு கை மிருகத்தின் கழுத்தைப் பிடித்திருக்க, இன்னொரு கை யமுனாவை நோக்கி நீண்டிருந்தது. சுரேஷ்பாபு மூச்சு விடும்போதெல்லாம் அந்தக் கை விரிந்து மூடியது.