நாற்பதாம் வளைவில் ஸ்டெல்லாம்மா

மாதம்மாள் மெஸ்ஸில் இருந்த தொலைபேசிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேசுவதில் பாதியை அதுவே விழுங்கிவிடும். மீதியைத்தான் நம் காதுக்குக் கொடுக்கும். மலைமேல் வாசலூர்பட்டி ஏரிப்பக்கம் காற்று பலமாக அடித்தால் அந்த மீதியும் கிடைக்காது.

அன்றைக்குக் காற்று நன்றாகவே அடித்தது. அருள்மொழியின் அப்பா சின்னுசாமி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டு கத்தினார்.

"ஆருங்க? சேலத்துல இருந்துங்களா? ஸ்டெல்லாவுக்கா? நாப்பதாவது வருசமுங்களா? அடடா, ரொம்ப சந்தோசமுங்க! பத்துக் குடும்பமா? வாங்க வாங்க, ஜமாய்ச்சுப்புடலாம்!"

ரிசீவரை வைத்த கையோடு சமையல்கட்டுக்கு ஓடினார். "மாதம்மா! ஸ்டெல்லாம்மான்னு ஒருத்தங்களுக்கு நாப்பதாவது கல்யாண நாளாம். வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம மெஸ்ஸுலதான் விருந்து!"

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மெஸ் திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏரியில் படகு விட வருகிறவர்கள் டீ குடித்து, வடை தின்று, கை கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். விருந்து வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"மாப்பிள்ளை பேரு என்னங்க?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா தலையைச் சொறிந்தார். "அது காத்துல போயிருச்சு."

அதற்காக அப்பா சும்மா இருக்கிற ஆளா? மறுநாளே செம்மேட்டுக்குப் போய்த் துணியில் ஒரு பேனர் எழுதி வாங்கி வந்துவிட்டார். சிவப்பு எழுத்து, சுற்றிலும் மஞ்சள் பூ. 'ஸ்டெல்லாம்மா' என்று ஒரு பக்கம். நடுவில் ஒரு இதயம். இதயத்துக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. கீழே, 'நாற்பதாம் ஆண்டு வாழ்த்துகள்!'

"இதென்னப்பா, இங்க எடம் காலியாக் கிடக்குது?" என்றாள் அருள்மொழி.

"மாப்பிள்ளை பேரு தெரிஞ்சதும் எழுதிக்கலாம் கண்ணு!"

அருள்மொழிக்குப் பத்து வயது. கோடை விடுமுறை. வேலை எதுவும் இல்லாததால் விருந்து வேலை முழுவதையும் அவளே தலையில் போட்டுக்கொண்டாள். குச்சிக்கிழங்கு வறுவல், நாட்டுக்கோழிக் குழம்பு, மிளகு ரசம், சாமைப் பாயசம், கடைசியில் பலாச்சுளை. யார் எங்கே உட்கார்வது, யார் தண்ணீர் ஊற்றுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டாள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

சேலத்திலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தபோது அவளே ரிசீவரை எடுத்தாள். பேசியவர் ஹேமலதா, விழாவை ஏற்பாடு செய்கிறவர். நல்லவேளையாக அன்று காற்று இல்லை.

"ஏனுங்க அக்கா, ஸ்டெல்லாம்மா சைவமுங்களா, அசைவமுங்களா?"

அந்தப் பக்கம் திடீரென்று ஒரு சிரிப்பு வெடித்தது.

"ஸ்டெல்லா பெட்ரோல்தான் குடிக்கும் கண்ணு!"

"என்னங்க?"

"ஸ்டெல்லா ஒரு காரும்மா! கூரை இல்லாத, ரெண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அது வெளிவந்து இந்த வருஷத்தோட நாற்பது வருஷம் ஆகுது. நம்ம பக்கத்துல மொத்தம் பத்துப் பேர்கிட்ட இருக்கு. பத்துக் காரையும் ஒண்ணா நிறுத்தி ஒரு விழா எடுக்கணும்னு ஆசை. இரு, எங்க அர்த்தனாரி ஐயா உன்கிட்டப் பேசணுமாம்."

ரிசீவரில் ஒரு பெரியவரின் குரல் வந்தது. மெதுவான, தயங்கிய குரல்.

"கண்ணு, உங்க ஊருக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுன்னு சொல்றாங்க. எல்லாருதும் கொஞ்சம் தெம்பான வண்டி. என்னோடதுதான் ரொம்பப் பழசு. புதுசா வந்த வருசமே நான் வாங்குனது. அது ஏறுமா சாமி?"

அருள்மொழி யோசிக்கவே இல்லை. "ஏறுமுங்க தாத்தா! கூரை நிறையப் பலாப்பழத்தை ஏத்திக்கிட்டு எங்க பஸ்ஸே ஏறுது. உங்க காரு ஏறாதுங்களா?"

"அப்படியா சொல்றே? சேரி, நீ சொல்ற தைரியத்துல வாரேன்" என்றார் அவர். அந்தக் குரலில் இப்போது தயக்கம் இல்லை.

விஷயத்தைக் கேட்ட அம்மா, கரண்டியோடு அப்பா முன்னால் வந்து நின்றாள். "காருக்கு மாப்பிள்ளை தேடுன ஆள இப்பத்தான் பாக்கறேன்!"

அப்பா பேனரைச் சுருட்டிப் பரண்மேல் வீசினார். "இத ஆர்கிட்டயும் சொல்லாதீங்க. மானம் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மெஸ்ஸில் கோழிக் குழம்பின் வாசம். வண்டிகள் வந்தால் சுற்றிப் போட அம்மா ஆரத்தியும் கரைத்து வைத்தாள். "புது வண்டிக்குச் சுத்தறமே, பழசுக்குச் சுத்துனா ஆகாதா?" என்பது அவள் கட்சி.

ஒவ்வொன்றாகக் கார்கள் வந்தன. மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை. எல்லாம் குட்டிக்குட்டியாக, தரையோடு தரையாக, பளபளவென்று இருந்தன. படகு விட வந்தவர்கள் படகை மறந்து காரைப் பார்த்தார்கள். அருள்மொழி மட்டும் கார்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். எத்தனை முறை எண்ணினாலும் ஒன்பதுதான்.

"அர்த்தனாரி தாத்தா எங்கீங்க?" என்று ஹேமலதாவிடம் கேட்டாள்.

"பின்னாலதான் வந்துட்டிருந்தார். கடைசியா வந்தவங்களும் பார்க்கலையாம்" என்ற ஹேமலதாவின் முகத்திலும் கவலை.

அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அண்ணாமலை படிக்கட்டில் நின்றபடியே கத்தினார். "சின்னுசாமி அண்ணே! நாப்பதாம் வளைவுல ஒரு பெரியவரு செவப்புக் காரை நிறுத்திட்டு உக்காந்திருக்காரு. வண்டி புகையாக் கக்குது. உங்க விருந்தாளிங்களா?"

அருள்மொழி கார்களை எண்ணுவதை நிறுத்தினாள். ஏறும் என்று சொன்னது யார்? அவள்தானே! அவளை நம்பித்தானே தாத்தா கிளம்பி வந்தார்!

அவளுடைய மாமா யுவராஜ் ஜீப் ஓட்டுபவர். அவர் தண்ணீர்க் கேன்களை ஜீப்பில் ஏற்றினார். ஹேமலதா முன்னால் ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிடுவதற்கு முன்பே அருள்மொழி பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பதாம் வளைவில் சாலையை ஒட்டி அகலமான ஒரு காலி இடம் இருந்தது. சாலை போடும்போது ஜல்லி கொட்டி வைத்த இடம். அங்கே ஒரு மரநிழலில் சிவப்புக் கார் வாயைத் திறந்துகொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு கல்லின்மேல் அர்த்தனாரி தாத்தா உட்கார்ந்திருந்தார். விழாவுக்கென்று வெள்ளை வேட்டி சட்டை போட்டிருந்தார். சட்டையெல்லாம் கரி.

தண்ணீர் ஊற்றியதும் கார் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. யுவராஜ் மாமா குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எறக்கத்துல போயிரலாமுங்க. மேல ஏத்துனா மறுபடியும் கொதிக்கும்."

"கயிறு கட்டி ஜீப்புல இழுத்துட்டுப் போயிடலாமா ஐயா?" என்றார் ஹேமலதா.

தாத்தா தலையை ஆட்டினார். "வேண்டாம்மா. நாப்பது வருசமா இவ என்னைச் சுமந்திருக்கா. இவளக் கயித்துல கட்டி இழுத்துட்டு வந்து எல்லாரு முன்னாடியும் நிறுத்தறதா? எனக்கு மனசு வரல."

"அப்ப நீங்க மட்டும் ஜீப்புல வாங்க."

"இவளத் தனியா உட்டுப்போட்டா? சூடு ஆறுனதும் நான் கீழ எறங்கிக்கறேன். நீங்க போய் நல்லபடியாக் கொண்டாடுங்க."

சொல்லிவிட்டு, காரின்மேல் படிந்திருந்த கரியை வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

அருள்மொழி மெல்ல அவர் பக்கத்தில் போய் நின்றாள். "நான்தானுங்க தாத்தா ஏறும்னு சொன்னேன்."

"அட, நீதானா அது!" தாத்தா சிரிக்கப் பார்த்தார். "நீ என்ன சாமி பண்ணுவே? வயசாயிருச்சு. எனக்கும்தான், இவளுக்கும்தான்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். அங்கே சாலையோரத்தில் ஒரு மஞ்சள் பலகை நின்றது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் பார்க்கிற பலகைதான். 'கொண்டை ஊசி வளைவு 40/70.'

வந்த அழுகை பாதியில் நின்றுவிட்டது.

"ஹேமலதாக்கா! ஸ்டெல்லாவுக்கு இன்னிக்கு எத்தனாவது வருசமுங்க?"

"நாற்பது. ஏன் கண்ணு?"

"இது எத்தனாவது வளைவுங்க?"

ஹேமலதா பலகையைப் பார்த்தார். யுவராஜ் மாமா பலகையைப் பார்த்தார். தாத்தாவும் எட்டிப் பார்த்தார்.

"தாத்தா, உங்க வண்டி நின்னு போகலீங்க. நாப்பதாவது வருசத்துக்கு நாப்பதாவது வளைவு. அது சரியான எடத்துக்குத்தான் வந்திருக்குது. மத்த ஒம்பதும்தான் தெரியாம மேல போயி நிக்குது!"

யுவராஜ் மாமா நீளமாக ஒரு சீட்டி அடித்தார். ஹேமலதா ஜீப்பைப் பார்த்து ஓடினார். "வாங்க, வாங்க! எல்லாரையும் கீழே கூட்டிட்டு வந்திடலாம்!"

மெஸ்ஸில் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "இலை போடற நேரத்துல எடத்த மாத்தறதா? நல்லாருக்குதே கூத்து!" என்று சத்தம் போட்டாள். சத்தம் போட்டுக்கொண்டே குழம்புச் சட்டியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியும் முடித்துவிட்டாள்.

சோறு, குழம்பு, ரசம், பாயசம், பலாப்பழம், ஆரத்தித் தட்டு, பாயசத்தைச் சூடாக வைக்க ஒரு கரி அடுப்பு என்று எல்லாமே ஜீப்பில் ஏறின. அருள்மொழி பரணைக் காட்டினாள். "அப்பா, அதையும் எடுங்க."

"ஐயையோ, அது வேண்டாம் கண்ணு! சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்ப்பா. தாத்தா சிரிக்கணும்."

ஒன்பது கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவந்து, அந்தக் காலி இடத்தில் சிவப்புக் காரைச் சுற்றி நின்றன. யுவராஜ் மாமா மிளகுக்கொடி சுற்றிய இரண்டு மரங்களுக்கு நடுவே பேனரைக் கட்டினார். எல்லோரும் அதைப் படித்தார்கள். அப்பா ஜீப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

அர்த்தனாரி தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ஸ்டெல்லாம்மா... அந்தப் பக்கம் ஏன் காலியா இருக்குது?"

"மாப்பிள்ளை பேரு தெரியலீங்க" என்றாள் அருள்மொழி, நெளிந்துகொண்டே.

முதலில் தாத்தாவின் தோள் குலுங்கியது. அப்புறம் தொப்பை குலுங்கியது. பிறகு மலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். அடுப்புக்குக் கொண்டுவந்த மூட்டையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். கல்லின்மேல் ஏறி நின்று, காலியாக இருந்த இடத்தில் கொட்டை எழுத்தில் 'அர்த்தனாரி' என்று எழுதினார்.

"இத எங்க ஊட்டுக்காரி பொன்னாயி பாத்தா எனக்குச் சோறு கிடையாது. ஆரும் போட்டோ எடுத்துராதீங்க!" என்றார்.

அடுத்த நொடி அங்கிருந்த அத்தனை கேமராவும் பளிச்சிட்டன.

அம்மா சிவப்புக் காருக்கு ஆரத்தி சுற்றி, மூக்கில் ஒரு பொட்டும் வைத்தாள். கார்களுக்கு நடுவே பாயை விரித்து இலை போட்டார்கள். கீழே போகிற பஸ் வந்து நின்றது. அண்ணாமலைக்கும் டிரைவருக்கும் பயணிகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பாயசம் கிடைத்தது. "இப்படி ஒரு மெஸ்ஸு மேல இருக்குதா?" என்று பஸ்ஸுக்குள் யாரோ கேட்டது அம்மா காதில் விழுந்தது. அதற்கப்புறம் அவள் யாரையும் திட்டவே இல்லை.

வெயில் தாழ்ந்ததும் தாத்தா கிளம்பினார். சிவப்புக் கார் ஒரே முயற்சியில் உறுமி உயிர்பெற்றது. அருள்மொழி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க தாத்தா, அடுத்த வருசம் வருவீங்களா?"

"வராம? அடுத்த வருசம் நாப்பத்தொண்ணாம் வளைவு!" என்றவர், விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். "இப்படியே போனா எழுபதாம் வளைவுக்கு வர்றப்ப எனக்குத் தொண்ணூத்தஞ்சு வயசாயிருக்குமே சாமி!"

"ஆகட்டுமுங்க. நான் ஏறும்னுதானுங்க சொன்னேன். எத்தன நாள்ல ஏறும்னு சொல்லலீங்களே!"

தாத்தா சிரித்த சிரிப்பு கீழே இரண்டு வளைவு வரைக்கும் கேட்டது.

அதன்பிறகு அண்ணாமலையின் பஸ்ஸில் நாற்பதாம் வளைவுக்குப் பெயரே மாறிவிட்டது. "ஸ்டெல்லாம்மா வளைவு! கம்பியைப் புடிச்சுக்குங்க!" என்று அவர் குரல் கொடுப்பார். புதிதாக வருகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஆருங்க அந்த ஸ்டெல்லாம்மா?" என்று கேட்பார்கள்.

அடுத்த வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே பஸ் திணறித் திணறி மேலே ஏறிக்கொண்டிருந்தது. வெளியே எட்டிப் பார்த்த அண்ணாமலை விசிலை ஊதிப் பஸ்ஸை நிறுத்தினார்.

"எல்லாரும் எறங்குங்க, பாயசம் இருக்குது! ஸ்டெல்லாம்மா ஒரு வளைவு மேல ஏறிட்டாங்க!"