அப்பாவின் ரோமிங் சபதம்

எங்கள் அப்பா தாவிதா ஒரு முழுப் பன்றியைத் தனியாளாகத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். ரக்பி ஆட்டத்தில் பல்லை உடைத்துக்கொண்டு, அதைக் கையில் வைத்துச் சிரித்தபடி வீட்டுக்கு வந்தவர். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு சொல்லைக் கேட்டால் மட்டும் பயந்துவிடுவார். அந்தச் சொல் ரோமிங்.

மூன்று வருடங்களுக்கு முன் ஃபிஜிக்குப் போனபோது ரோமிங்கை அணைக்க மறந்துவிட்டார். அவர் கடலில் நீந்திக்கொண்டிருந்தார். போன் கரையில் படுத்தபடியே எங்கள் வீட்டுப் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. பிறகு வந்த பில்லை எங்கள் அம்மா சலோமே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

"இனிமே நான் ரோமிங் போட்டேன்னா என் பேரையே மாத்திக்கிறேன்" என்று அன்றைக்கு அப்பா சபதம் போட்டார்.

அதனால் இந்த அக்டோபரில் பிரிஸ்பேனிலிருந்து எங்கள் சொந்த ஊரான சமோவாவுக்குக் கிளம்பும்போது, அப்பா ஒரு வாரம் முன்னதாகவே இ-சிம் வாங்கிவிட்டார். அது கையில் பிடிக்கிற சிம் இல்லை. ஒரு க்யூஆர் கோடு அனுப்புவார்கள். அதைப் போனால் படம்பிடித்தால், போகிற ஊரின் இணைப்பு போனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாங்கிய அளவுக்குத்தான் டேட்டா. தீர்ந்தால் நின்றுவிடும், பில் வராது.

வினை என்னவென்றால், கோடு அப்பாவின் போனுக்கே வந்தது. ஒரு போன் தன்னையே எப்படிப் படம்பிடிக்கும்? அப்பா குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று அரை மணி நேரம் போராடினார். கடைசியில் நான் அந்தக் கோட்டை அம்மாவின் போனுக்கு அனுப்பி, அதைக் காட்டினேன். ஒரு நொடியில் முடிந்தது.

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன், மசினா" என்றார் அப்பா.

பிறகு பழைய சிம்மை ஊசியால் நோண்டி எடுக்கப் போனார். நான் தடுத்தேன். பேங்கிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் அந்த நம்பருக்குத்தானே கூப்பிடுவார்கள்? சிம் இருக்கட்டும், ரோமிங் மட்டும் அணைந்திருக்கட்டும் என்றேன். சோபாவில் காலை நீட்டியிருந்த அம்மா, "அவ சொல்றதைக் கேளு தாவிதா" என்றார். அப்பா அரை மனதாக ஊசியைக் கீழே வைத்தார்.

அம்மாவின் காலில் மாவுக்கட்டு. நெட்பால் ஆடப்போய்க் கணுக்காலை உடைத்துக்கொண்டார். இப்போது விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைக் கேட்டு அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஏனென்றால், நாங்கள் போவது வெள்ளை ஞாயிறுக்கு. வருடத்தில் அந்த ஒரு நாள் எங்களுக்கெல்லாம் ராஜ மரியாதை. பிள்ளைகள் எல்லோரும் வெள்ளை உடுத்தி, தேவாலயத்தில் முன்னால் நின்று மனப்பாடமாக ஒப்பிப்போம். பிறகு பெரியவர்கள் எங்களுக்குப் பரிமாறுவார்கள். நாங்கள் சாப்பிட்ட பிறகுதான் அவர்களுக்குச் சாப்பாடு.

ஒவ்வொரு வருடமும் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் உதட்டை அசைப்பார். நான் அந்த உதட்டைப் பார்த்தே கரை ஏறிவிடுவேன். இந்த வருடம் எனக்கு நோவாவின் கப்பல் கதை. நாலு வரி தண்ணீர்பட்ட பாடு. ஐந்தாவது வரியில், நோவா புறாவை வெளியே விடும் இடத்தில், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"வீடியோல வந்து உக்காந்துக்கிறேன்டீ" என்றார் அம்மா. "அங்க ஒன்பது மணின்னா இங்க ஆறு. அலாரம் வெச்சு எழுந்துடறேன். நீ போனைப் பாத்துச் சொன்னா போதும்."

புதன்கிழமை விமானத்திலிருந்து இறங்கி, கப்பல் ஏறி, சவாய்யி தீவில் மகெரிதா அத்தையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். இவர் அப்பாவுக்கு அக்கா. இ-சிம் கப்பலிலேயே வேலை செய்தது. அப்பா எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் போனைக் காட்டி, தானே கண்டுபிடித்த மாதிரி பெருமை அடித்துக்கொண்டார்.

அன்று மாலை செமு வந்தான். இன்னொரு அத்தை செஃபினாவின் மகன், என்னைவிட ஒரு வயது சின்னவன். செஃபினா அத்தை நியூசிலாந்தில் ஆப்பிள் தோட்ட வேலைக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. செமு கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றான். அவன் கையில் அவனுடைய அம்மா விட்டுப்போன விரிசல் விட்ட போன்.

"அக்கா, மாமா போனோட ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு குடுக்கிறியா? அம்மாகிட்டப் பேசணும்."

கொடுத்தேன். எங்கள் ஊரில் கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

வியாழக்கிழமை, வீட்டு வாசலில் இருந்த ஈரப்பலா மரத்தடியில் ஆறு பையன்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை உட்கார இடமில்லாமல் சிலர் மரத்தின் மேலேயே ஏறிவிட்டார்கள். நல்ல நிழல், அதுதான் வருகிறார்கள் என்று நான் நினைத்தேன். என்னைப் போல ஒரு அசடு உண்டா?

ஞாயிறு காலை வெள்ளை உடை போட்டுக்கொண்டு அம்மாவை அழைத்துப் பார்த்தேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டேட்டா சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"செமுக்கு மட்டும்தான் பாஸ்வேர்டு குடுத்தேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

அப்பா தலையைச் சொறிந்தார். "நான் போதகருக்கு மட்டும்தான் குடுத்தேன்."

மகெரிதா அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நான் பாடகர் குழுவுக்கு மட்டும்தான்டா குடுத்தேன்."

பாடகர் குழுவில் நாற்பது பேர்.

ஆராதனை முடியும்வரை எந்தக் கடையும் திறக்காது. வேறு யாரிடமாவது கேட்கலாமென்றால், எங்கள் ஹாட்ஸ்பாட்டை நம்பி அந்த வாரம் ஊரில் ஒருவருமே ரீசார்ஜ் செய்யவில்லை. தேவாலயத்துக்குப் போக அரை மணி நேரம்தான் இருந்தது.

அழுதால் வேலைக்கு ஆகாது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் போனைப் பார்த்தேன். பழைய சிம் உள்ளேயே இருந்தது. விமானம் இறங்கியபோது அதற்கு வந்த செய்தியைத் தேடிப் படித்தேன். ரோமிங்குக்கு ஒருநாள் கட்டணம் இருக்கிறது, அதற்குமேல் ஒரு காசும் ஏறாது என்று தெளிவாக எழுதியிருந்தது. ஃபிஜிக்குப் போனபோது அப்பா இதையெல்லாம் எங்கே படித்தார்?

படங்கள் தானாக ஏறுவதை நிறுத்தினேன். ஆப்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தினேன். ஹாட்ஸ்பாட்டையும் அணைத்தேன். பிறகு போனை அப்பாவிடம் நீட்டினேன்.

"ஓட்டையெல்லாம் அடைச்சாச்சுப்பா. இன்னைக்கு ஒருநாள் மட்டும் ரோமிங் போடுங்க."

அப்பா பாம்பைக் கண்டவர் மாதிரி பின்வாங்கினார். "சபதம் போட்டிருக்கேன்டீ."

"இன்னைக்கு வெள்ளை ஞாயிறு. பிள்ளைங்க கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது."

"அது சோத்துக்குத்தான்."

"அப்படின்னு எந்த வேதத்துலடா எழுதியிருக்கு?" என்றார் அத்தை.

"சரி, உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவகிட்டக் கேக்கவும் ரோமிங்தான் வேணும்" என்றார் அத்தை.

அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். நான் அழைத்ததும் இரண்டாவது மணி அடிப்பதற்குள் அம்மா எடுத்துவிட்டார். தலை கலைந்து, தோளில் துண்டோடு, திரை நிறைய அம்மா. எனக்கு உயிர் வந்தது.

வாசலுக்கு வந்தால், மரத்துக்குப் பின்னால் செமு. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் அந்த விரிசல் போன். என்னைக் கண்டதும் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அவனும் இன்று ஒப்பிக்கிறான். அவனுடைய அம்மாவும் பார்க்கிறேன் என்று சொல்லியிருப்பார் அல்லவா? இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"ஹாட்ஸ்பாட் கேக்க வரலக்கா" என்றான். "என்னாலதான் தீந்துபோச்சுன்னு சொன்னாங்க."

"உன்னால இல்ல. நாப்பது பேரு பாடினதால" என்றேன். "உங்கம்மாவையும் இதே வீடியோ கால்ல சேத்துக்கலாம். வா."

ஒருநாள் கட்டணம் ஒன்றுதான். அதில் ஒரு அம்மா வந்தால் என்ன, இரண்டு அம்மா வந்தால் என்ன?

தேவாலயத்தில் முதல் வரிசையில் அப்பா போனை இரண்டு கைகளாலும் விளக்கைப் போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையின் ஒரு கட்டத்தில் எங்கள் அம்மா. இன்னொரு கட்டத்தில் செஃபினா அத்தை.

முதலில் செமு. ஒரு தடங்கலும் இல்லாமல், போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்லி முடித்தான். அடுத்து நான். நாலு வரி ஓடின. ஐந்தாவது வரி வந்தது. அம்மாவின் உதட்டைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. அம்மா துண்டில் மூக்கைத் துடைத்தபடி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

நான் நின்றுவிட்டேன். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. அப்பா போனின் சத்தத்தை முழுதாக வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

"புறாடீ! புறாவை வெளிய விடு! நேரா நில்லு!"

கூரைவரை அதிர்ந்தது. அத்தனை பேரும் திரும்பினார்கள். போதகர் வேதப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். மறைத்தும் பயனில்லை, தோள் குலுங்கியது.

"சலோமேக்குக் கால்தான் உடைஞ்சிருக்கு. தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாகப் புறா பறந்துபோய், இலையோடு திரும்பியும் வந்தது. மீதி வரிகளை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் ஒன்றுகூட விடவில்லை.

மதியம் அப்பா வியர்க்க விறுவிறுக்க எங்களுக்குப் பரிமாறினார். கல் அடுப்பில் வெந்த பன்றிக்கறி, சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த கீரை. போன் ஒரு தேங்காய்மேல் சாய்ந்திருந்தது. அதன் முன்னாலும் இரண்டு தட்டு வைக்கச் சொன்னோம். அப்பா மறுபேச்சில்லாமல் வைத்தார். செஃபினா அத்தை அந்தக் கறியையே பார்த்துக்கொண்டு, கையிலிருந்த ரொட்டியைக் கடித்தார்.

"தாவிதா, ரோமிங் போட்டா பேரை மாத்திக்கிறேன்னியே" என்றார் அம்மா. "என்ன பேரு வெச்சிருக்கே?"

அப்பா அகப்பையோடு அடுத்த தட்டுக்கு நகர்ந்தார். செமு தட்டை நீட்டினான்.

"ரோமிங் மாமா, இன்னொரு துண்டு கறி."

அவ்வளவுதான், பந்தி முழுக்க அந்தப் பேர் பரவிவிட்டது. சாயங்காலத்துக்குள் போதகரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை கப்பலில் ஏறினோம். அப்பாவின் போனில் ரோமிங்கை நானே அணைத்துவிட்டிருந்தேன். கரையில் நின்ற மகெரிதா அத்தை, "தாவிதா, தாவிதா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். இன்ஜின் சத்தத்தில் அப்பாவின் காதில் விழவில்லை. செமு இரண்டு கைகளையும் வாயருகே குவித்தான்.

"ரோமிங்!"

அப்பா சட்டென்று திரும்பிக் கையசைத்தார்.