கணக்கில் சேராத பதில்

மச்சானின் பைக்கில் தொங்கிய பூட்டைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிவப்பு நிறத்தில் பெரிய பூட்டு. அதன் மேல் வெள்ளை எழுத்தில், 'ஆள் உள்ளே இருக்கிறார், சுவிட்சைத் தொடாதே' என்று அச்சடித்திருந்தது.

"இது என்ன மச்சான், பைக்குக்குள்ள ஆளா?"

"கம்பெனி குடுத்தது மாப்ள. தொட்டியில இறங்கறவன் ஒவ்வொருத்தனும் மெயின் சுவிட்சுல தன் பூட்டைப் போட்டுட்டு, சாவியைப் பையில வெச்சுக்கிட்டுதான் இறங்கணுமாம். மேல ஏறி வந்து அவனே திறக்கணுமாம். பெட்டி பெட்டியா வந்துச்சு. நல்ல பூட்டு, வீணாப் போகலாமா?"

வீணாகவெல்லாம் போகவில்லை. பழைய காகிதத்தைக் கரைத்து அட்டை செய்கிற அந்த மில்லில், டிபன் அலமாரிகளில் அந்தப் பூட்டுதான். கேன்டீன் சர்க்கரை டப்பாவிலும் அதே பூட்டுதான். அது தொங்க வேண்டிய மெயின் சுவிட்ச் மட்டும் மொட்டையாக இருந்தது.

பூட்டுக்குப் பதிலாக அங்கே மச்சானின் தொண்டை இருந்தது. மில்லில் அவருக்குப் பெயரே கணீர். தொட்டியை ஓட்டுவது அவர் பொறுப்பு. சுவிட்சைப் போடுவதற்கு முன் தொட்டியின் விளிம்பில் குனிந்து, "உள்ள யாரு?" என்று ஒரு சத்தம் கொடுப்பார். உள்ளே இருப்பவன், "நான் இருக்கேன்" என்று பதில் சொல்லவேண்டும். பதில் வந்தால் காத்திருப்பார், வராவிட்டால் ஓட்டிவிடுவார். இதைவிடப் பெரிய பாதுகாப்பு எந்த மில்லில் உண்டு என்று எல்லோருக்கும் பெருமை வேறு.

அங்கே புதிதாக ஃபிட்டராகச் சேர்ந்திருந்த அவனால் மட்டும் இதில் பெருமைப்பட முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அவனுக்குக் காது கேட்காது.

பழைய மில்லின் இரைச்சல் அவனுடைய இடது காதை முழுதாகத் தின்றிருந்தது. வலது காதிலும் முக்கால்வாசி போய்விட்டது. டாக்டர் சோதித்துச் சொன்ன மறுநாளே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவியிடம் மில்லை மூடிவிட்டார்கள் என்று புளுகினான். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்கிற வித்தை அவனுக்கு எப்படியோ கைவந்திருந்தது. புரியாத இடத்தில் சிரித்து வைப்பான். "கூப்பிட்டா காதுல விழாது, திட்டினா மட்டும் டக்குனு விழுமே" என்று அவள் கேலி செய்வாள். திட்டும்போதுதான் அவள் எதிரில் வந்து நிற்கிறாள் என்பது பாவம் அவளுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தவனுக்கு, "என் தங்கச்சி வீட்டுக்காரர், நான் பொறுப்பு" என்று சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மச்சான். அவர் வாக்குக்காகக் காதுச் சோதனையைக்கூட விட்டுவிட்டார்கள். இதுவும் போனால் அவனை வேறு எந்த மில்லும் எடுக்காது.

அன்று சாயங்காலம் அவனைத் தொட்டியில் இறக்கினார்கள்.

இரும்பாலான வட்டத் தொட்டி, கிணறு போல ஆழம். அடியில் பற்கள் வைத்த பெரிய சக்கரம். காகிதக் கட்டுகளோடு வருகிற நைலான் கயிறெல்லாம் அதில் சுற்றிக்கொள்ளும். ஷிஃப்ட் முடிகையில் ஒருவன் இறங்கி அதை அறுத்து எடுக்கவேண்டும். ஏணியில் இறங்க இறங்க வெளிச்சம் சுருங்கி, மேலே ஒரு தட்டு அளவுக்கு ஆனது. ஊறிய காகிதத்தின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. சுவரெல்லாம் சாம்பல் நிறக் கூழ் படிந்திருந்தது, தொட்டால் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது.

அவன் கயிற்றை அறுப்பதும் அண்ணாந்து பார்ப்பதுமாக இருந்தான். மச்சானின் தலை விளிம்பில் தெரிந்து, வாய் அசைந்தால் உடனே பதில் கொடுத்துவிடலாம். கண்ணை வைத்தே சமாளித்துவிடலாம் என்ற தைரியம்.

தலை தெரிந்தது. வாய் அசைந்தது.

அவன் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "நான் இருக்கேன்."

பக்கத்திலேயே. தோளுக்கு மேல் யாரோ குனிந்து சொன்னது போல அவ்வளவு தெளிவாக.

அவன் விருட்டென்று திரும்பினான். ஈரச் சுவர்தான் இருந்தது. அப்புறம்தான் அவனுக்கு அது உறைத்தது.

குரல் கேட்டது இடது காதில்.

"நான் இருக்கேன்" என்று தானும் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அவன் மேலே ஏறி வந்தான். டீ குடிக்கும்போதும் அவன் முகம் தெளியவில்லை. மச்சான் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, முதல் நாளே பயந்துட்டீங்களா?"

"உள்ள வேற யாராவது இருந்தாங்களா மச்சான்?"

அவர் டீயை ஊதினார். தேவைக்கு மேலேயே ஊதினார். "அது தொட்டியோட எதிரொலி. எப்பக் கூப்பிட்டாலும் ஒரு பதில் சும்மா வரும்."

"எதிரொலின்னா நீங்க கேட்டதுதானே திரும்பி வரணும்?"

மச்சானின் கண் வேறு பக்கம் போனது. "எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆள் உள்ள இருந்தா ரெண்டு பதில் வரும். காலியா இருந்தா ஒண்ணு வரும். நான் ஒண்ணைக் கழிச்சிடுவேன், அவ்வளவுதான். மெல்ல மெல்லப் பழகிடுச்சு."

பழகிவிட்டதாம். மனுஷன் எதற்கெல்லாம் பழகிக்கொள்கிறான் பாருங்கள்.

காகிதம் பிரிக்கிற இடத்தில் ஓர் அக்கா இருந்தாள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். ஒரு மதியம் அவள் ஏதோ கேட்க, அவனுக்கு விளங்காமல் வழக்கம்போல் சிரித்து வைத்தான். அவள் கையிலிருந்த காகிதத்தைக் கீழே போட்டாள்.

பிறகு அவன் முகத்துக்கு நேரே வந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "இதே மாதிரி சிரிக்கிற ஆள் ஒருத்தர் இங்க இருந்தாரு. எதைக் கேட்டாலும் சிரிப்பாரு. சிரிப்பண்ணன்னுதான் கூப்பிடுவோம். அவருக்குக் காது போயிடுச்சுன்னு எங்களுக்குத் தெரியும். சொன்னா வேலை போயிடும்னு யாரும் வாயைத் திறக்கல."

"அவரு இப்ப எங்க?"

அவள் தொட்டி இருந்த பக்கம் பார்த்தாள்.

"உங்க மச்சான் கூப்பிட்டாரு. உள்ள இருந்த சிரிப்பண்ணன் காதுல விழல. பதில் வரலன்னதும் உங்க மச்சான் சுவிட்சைப் போட்டுட்டாரு." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "உசுரோட இருந்தப்ப சொல்லாத பதிலை இப்பச் சொல்லிக்கிட்டே இருக்காரு."

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். அவள் சந்தோஷமாக அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் இல்லாவிட்டால் நம் கதி என்ன என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சாயங்காலம், வெந்நீர்க் குழாயில் கசிவு. தொட்டிக்குள் ஆவி மண்டிக் கிடந்தது. மற்றவன் என்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பான். தட்டிக்கழித்தால் சந்தேகம் வருமோ என்று இவன் இறங்கிவிட்டான். பயம் மனுஷனை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது.

கயிறு சக்கரத்தில் இறுகச் சுற்றியிருந்தது. இரண்டு பற்களுக்கு நடுவே மண்டியிட்டு அறுத்தான். ஆவி தலைக்கு மேல் மூடிக்கொண்டது. அண்ணாந்து பார்த்தான்.

விளிம்பு தெரியவில்லை.

ஏணியும் தெரியவில்லை. முகத்தில் வெந்நீர்த் துளிகள் சொட்டின. நேரம் எவ்வளவு ஆனது என்று பிடிபடவில்லை. மேலே அடுத்த ஷிஃப்ட் வந்துவிட்டதா, மச்சான் விளிம்பில் நிற்கிறாரா, வாய் அசைகிறதா, எதுவும் தெரியாது. அவனைச் சுற்றிலும் பஞ்சு அடைத்தது போன்ற அமைதி.

அப்போது இடது காதில், மெதுவாக, பொறுமையாக,

"நான் இருக்கேன்."

கூழ் வாடையோடு ஈர மூச்சு கழுத்தில் பட்டது. அவனுக்கு முதலில் வந்தது வெறும் பயம். கத்தி கையிலிருந்து நழுவி விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் புத்தி வேலை செய்தது.

பதில் வந்துவிட்டது. அப்படியானால் மச்சான் கூப்பிட்டிருக்கிறார்.

ஒரு பதில். அதை அவர் கழித்துவிடுவார்.

"மச்சான்" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினான். "நான் இருக்கேன் மச்சான், நானும் இருக்கேன்." தன் குரல் வெளியே வந்ததா இல்லையா என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஏணி இருக்கும் பக்கம் பாய்ந்தான். கை சுவரில் வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே சக்கரம் ஒரு உதறு உதறியது.

கை ஒரு கம்பியைப் பிடித்தது. கால் வழுக்கிற்று. அந்தரத்தில் தொங்கிய காலின் குதிகாலுக்கு அடியில் ஓர் உள்ளங்கை வந்து தாங்கியது. குளிர்ந்த, ஊறிப்போன உள்ளங்கை. அது அவனை மேலே தள்ளியது.

சக்கரம் நின்றிருந்தது.

விளிம்பைத் தாண்டி அவன் விழுந்தபோது, மச்சான் சுவிட்ச் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடுகள் நடுங்கின. அவன் அதைப் படித்தான்.

"போட்டுட்டேன் மாப்ள. ரெண்டாவது குரல் கேட்டுச்சு. உடனே அணைச்சிட்டேன். ஏன் முதல்லயே சொல்லல?"

"எனக்குக் காது கேக்காது மச்சான்."

மச்சான் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவர் அழுவது இவனுக்குக் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

அன்றே வீட்டிலும் சொல்லிவிட்டான். அவள் முதலில் அடித்தாள், பிறகு அழுதாள். "இவ்வளவு நாளா உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு புலம்பினதெல்லாம் சுவத்துக்கா?" என்று கேட்டாள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேலை போகவில்லை. காதைச் சோதித்து, சத்தமில்லாத பட்டறை மேசைக்கு மாற்றினார்கள். அவன் பயந்த அளவுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. முன்பே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை மச்சான் பைக்கிலிருந்த பூட்டைக் கழற்றிக்கொண்டுபோய் மெயின் சுவிட்சில் மாட்டினார். அதைப் பார்த்து டிபன் அலமாரிப் பூட்டுகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சர்க்கரை டப்பா திறந்தே கிடந்தது. இறங்குகிறவன் தன் பூட்டைப் போடுவான், சாவியோடு இறங்குவான், ஏறி வந்து திறப்பான். கடைசிப் பூட்டு திறக்காமல் சுவிட்ச் அசையாது.

இப்போதெல்லாம் தொட்டியைப் பார்த்து யாரும் கூப்பிடுவதில்லை. கணீரின் தொண்டைக்கு மில்லில் வேலையே இல்லாமல் போனது. மனுஷன் வீட்டில்கூட மெல்லத்தான் பேசினார்.

ஒரு விடுமுறை நாளில் அவர் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மதியச் சாப்பாடு முடிந்து, ஆண்கள் இருவரும் கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் கிடையாது. குளியலறைக்கு ஜன்னல் இல்லை. அதன் கதவு சாத்தியிருக்க, அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தது.

"கரண்ட் சும்மா எரியுது பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் கையைத் துடைத்தபடி வந்தாள். வெளியே இருந்த சுவிட்சில் விரலை வைத்தாள். எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் செய்வதுபோல், அணைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டாள்.

"உள்ள யாரு?"

அவள் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அவனுக்கு அது கேட்கவில்லை.

இடது காதில் பதில்தான் கேட்டது.

அவன் மச்சானைப் பார்த்தான். மச்சானின் முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கும் கேட்டிருக்கிறது.

"நீங்களா உள்ள இருக்கீங்க?" என்று கதவைப் பார்த்துக் கேட்டவள், சாதாரணமாகத் திரும்பினாள். கூடத்தில் புருஷன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே அண்ணன். அவள் கண்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போய், மறுபடி கதவுக்கு வந்தன. விரல் சுவிட்சின் மேலேயே உறைந்து நின்றது.

கதவின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் கசிந்து அவள் பாதத்தைத் தொட்டது. வீடு முழுக்க ஊறிய காகிதத்தின் வாடை.

மச்சான் மெல்ல எழுந்தார்.

"சுவிட்சுல இருந்து கையை எடும்மா. உள்ள ஆள் இருக்கு."