இரைச்சல் நின்ற இடம்

கார்ட்லெஸ் போனின் ஸ்பீக்கர் பெட்டியைக் கூடத்தில் அந்த இடத்துக்குக் கொண்டுபோனதும் இரைச்சல் நின்றது. குறையவில்லை. நின்றது.

ரிசீவர் மாடியில், குழந்தையின் ஸ்பிரிங் தொட்டிலுக்குப் பக்கத்தில் இண்டர்காம் போட்டபடி கிடந்தது. குழந்தை அழுதால் கீழே சமையலறையில் இருக்கும் சுகுமாரனுக்குக் கேட்க வேண்டும். மனைவி நளினி போன பிறகு அவனுக்கென்று மிஞ்சியது அந்த அழுகை ஒன்றுதான்.

“மாடி ஏறுறதுக்குள்ள உங்க போனுக்கு மூச்சு வாங்குதேன்னு நெனச்சேன், மாமா. இங்க கிளியர் லா,” என்றான் நளினியின் தம்பி சேகரன். சொன்ன பிறகுதான் காலடியைப் பார்த்தான். அக்காவைக் கிடத்தியிருந்த இடம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பதினாறு முடியிற வரைக்கும் வெளக்க நகத்தக்கூடாதுன்னு அம்மா சொல்லிச்சே.”

“இன்னைக்கு மட்டும்தான், சேகர். நாளைக்கு வேற எடம் பாப்போம்.”

விளக்கைச் சுகுமாரனே எடுத்து ஓரமாக வைத்தான். அம்மாவை அழைத்து வர மெர்லிமா ஊருக்குக் கிளம்பிய சேகரன், சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூடாது என்பதால், பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

மழை பிடித்துக்கொண்டது. சுகுமாரன் அரிசி களைந்துகொண்டிருக்க, ஸ்பீக்கரில் குழந்தையின் மூச்சும், தொட்டில் சீலை கம்பியில் உரசுவதும், மாடி ஜன்னல் விளிம்பில் நீர் சொட்டுவதும் காதோரத்தில் நடப்பதுபோல் கேட்டன. பிறகு ஸ்பிரிங் முனகத் தொடங்கியது. குழந்தை புரண்டால் அது ஓரிரு தடவை முனகிவிட்டு அடங்கும். இப்போது அடங்கவில்லை. ஆட்டுகிற கைக்கு அவசரம் இல்லை.

விரல்களில் அரிசித் தண்ணீர் சொட்ட மாடிக்கு ஓடினான். தொட்டில் அசையாமல் தொங்கியது. குழந்தை கண் திறந்து படுத்திருந்தது. அழவில்லை. வேறு யாரும் இல்லை. மஞ்சளும் ஊதுபத்தியும் கலந்த வாசனை மட்டும்.

குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கீழே வந்தான். வாசல் கதவில் கை வைத்தான்.

ஸ்பீக்கரில் குழந்தை அழுதது.

மாடியில். பசித்தால் அழுகிற, நடுவில் விக்கி நிற்கிற அதே அழுகை. அவன் குழந்தையின் அழுகை.

படியைப் பார்த்தான். தோளில் இருந்ததை இறக்கிவிடப் பார்த்தான். இறங்கவில்லை. கழுத்தை இறுக்கியது.

அழுகை உரத்தது. கம்மியது. மறுபடி உரத்தது.

தோளில் இருந்தது தலையைச் சாய்த்துக்கொண்டது. அதன் சின்ன உள்ளங்கை அவன் முதுகைத் தட்டத் தொடங்கியது. மெல்ல. ஒரே சீராக. பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல.