கோபுரம் இல்லாத திசை

செவ்வாய்க்கிழமை காலை காபிக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு வெர்னா கைபேசியை எடுத்துப் பார்த்தபோது, இரவு படுக்கும்வரை இருந்த சிக்னல் போயிருந்தது.

மழையோ காற்றோ இல்லை. ஜன்னலுக்கு வெளியே வற்றிய ஏரியின் தரை நேற்றுப் போலவே வெளுத்து, தட்டையாக, அடிவானம்வரை மேற்கே ஒரு மேடுகூட இல்லாமல் கிடந்தது. வேட்டைக்காரர்கள் எல்லோரும் போய்விட்ட நவம்பர் மாதம் அது. அந்த வேட்டை முகாமில் மிச்சமிருந்தது அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த அவளும், அவள் கணவன் ஓரினும், அவர்கள் குடியிருந்த இருபத்தாறு அடி டிரெய்லர் வீடும்தான். சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டர் பெட்டியின் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. கம்பி செருகியபடியே இருந்தது. ஆனால் கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.

நேற்று முழுவதும் இதற்காகத்தான் பாடுபட்டார்கள். டிரெய்லரின் அலுமினியத் தகடு வெளியிலிருந்து வரும் கொஞ்சநஞ்ச சிக்னலையும் உள்ளே விடாது. அதனால் ஓரின் பின்பக்க ஏணியோடு ஒரு நீளக் கம்பத்தைக் கட்டி, மீன்முள் போலிருந்த ஆன்டெனாவை உச்சியில் மாட்டி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். உள்ளே வெர்னா கைபேசியைப் பார்த்து, கூரைத் திறப்பின் வழியாக எண்ணைக் கத்தினாள். அந்த எண் எப்போதும் மைனஸில்தான் வரும். நூற்றிருபது என்றால் செத்த மாதிரி. பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கக் கைபேசிக் கோபுரம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தெற்கே மலைகளுக்கு நடுவிலிருந்த கணவாயைப் பார்த்துத் திருப்பியபோது நூற்றுப் பன்னிரண்டு வந்தது. ஊர் அந்தப் பக்கம்தான், தொண்ணூறு மைல்.

கழிவுத் தொட்டியை உறிஞ்ச வந்திருந்த லாரிக்கார ஹெக்டர் அப்போது குழாயை உதறிக்கொண்டே சிரித்தான்.

"சிக்னலா? இங்கயா? பதினோரு வருஷமா இந்த லாரிய ஓட்டுறேம்மா. இந்தப் பள்ளத்துல எறங்கிட்டா என் பொண்டாட்டியால என்னைத் திட்ட முடியாது. அதுக்காகவே இந்த நாத்தம் பிடிச்ச வேலைய விடாம வச்சிருக்கேன்."

வெர்னா கைபேசியைக் காட்டினாள். அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"யாரோடது இது?"

"யாரோடதுன்னா?"

"கோபுரம். அந்தக் கணவாய் வழியாத்தான் நான் வர்றேன். அங்க ஒரு கம்பம்கூட இல்லையே."

"மலையில பட்டு எகிறி வரும்ப்பா," என்றான் ஓரின் கூரையிலிருந்து. "உனக்கென்ன, குழாயப் பாரு. என் பூட்ஸ் மேல ஊத்திடாத."

அதெல்லாம் திங்கட்கிழமை. இப்போது ஓரின் மறுபடி ஏணியில் ஏறினான். கணவாய்ப் பக்கம் ஒன்றுமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தென்மேற்கில் வந்தபோது நூற்று நான்கு.

"நேத்தைவிட நல்லா வருதே," என்றான்.

ராத்திரியில் ஆன்டெனா தானாகத் திரும்பாது என்பதை வெர்னா யோசித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மகன் கோல்பியை முன்கூட்டியே விடுவிப்பதா என்று முடிவு செய்யும் பரோல் விசாரணை. சிறையில் ஆறு வருஷம் ஆகிவிட்டது. அம்மா திரையில் வந்து இரண்டு வார்த்தை பேசினால் பரோல் குழுவின் மனது இளகும் என்று அங்கிருந்த ஆலோசகர் சொல்லியிருந்தார். இதை விட்டால் அடுத்தது மூன்று வருஷம் கழித்து. அன்று விடியற்காலையிலேயே கிளம்பி ஊருக்குப் போய், நூலகத்தின் இணையத்தில் உட்கார்ந்து பேசுவதாகத்தான் ஏற்பாடு. ஆன்டெனா, ஒருவேளை போக முடியாவிட்டால் என்று. அதுவும் ஓரின் தானாகச் சொன்ன யோசனை.

அதுதான் அவளை உறுத்தியது. கோல்பி ஓரினின் மகன் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் கோல்பி குடித்துவிட்டு ஓட்டிய வண்டியில் பக்கத்து இருக்கையில் இருந்து செத்துப்போன லைல், ஓரினின் ஒரே தம்பி. அதைப் பற்றி ஓரின் இன்றுவரை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. செப்டம்பரில் அவனுக்கும் ஒரு கடிதம் வந்தது. இறந்தவரின் உறவினராக ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். துவைக்கும்போது வெர்னா பையில் கை விட்டுப் பார்த்தாள். கடிதம் இல்லை; அவன் பதில் எழுதினானா என்று அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். கம்பமும் அதைப் பிடித்திருந்த இரும்பு வளையமும் சேருமிடத்தில், இரண்டின் மேலும் படும்படி ஒரு கோடு இழுத்தாள். கம்பம் இம்மி திரும்பினாலும் கோடு உடைந்துவிடும்.

"என்ன அது, செவப்பா?" ஓரின் கீழே நின்று கேட்டான்.

"அடையாளம். தெசை மாறாம இருக்க."

அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான்.

"வெர்னா, நீ என்னை என்னன்னு நெனச்சிட்டிருக்க?"

"ஒண்ணும் நெனக்கலியே."

புதன்கிழமை காலையிலும் சிக்னல் இல்லை. அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப் போய் ஏறிப் பார்த்தாள். கோடு உடையவில்லை. வளையத்திலிருந்து கம்பத்துக்கு நேராக, ஒரே இழுப்பில், நேற்று அவள் இழுத்தபடியே இருந்தது.

பூச்சு நன்றாகக் காய்ந்திருந்ததால் கத்தியால் சுரண்டித்தான் கம்பத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. இந்த முறை மேற்கில் கிடைத்தது. தொண்ணூற்றொன்று.

"மேக்கேயா?" ஓரின் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். "அங்க ஏரிதான இருக்கு. கோபுரம் கால் மொளச்சு நடக்குதா என்ன?"

அவன் சிரித்தான். அவள் தொலைநோக்கியை எடுத்துவந்து பார்த்தாள். வெடித்த உப்புத் தரை, வெயிலில் நடுங்கும் காற்று, அப்பால் வானம். ஒரு வேலிக்கால்கூட இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு புதர் இல்லாத வெளி. அவ்வளவு தெளிவாக, எதையும் மறைக்காமல் இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நல்ல சிக்னல் தரும் எதுவும் கண்ணில் படாமல் இருக்க முடியாது.

மதியம் சிறையிலிருந்து சோதனை அழைப்பு வந்தது. ஆலோசகரின் முகம் பக்கத்து அறையில் இருப்பதுபோல் தெளிவாக இருந்தது. "பிரமாதம் மேடம், நாளைக்கும் இப்படியே இருந்தா போதும்," என்றார். வெர்னா தலையாட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் எண்ணைப் பார்த்தாள். யாரும் ஆன்டெனாவைத் தொடவில்லை. தொண்ணூற்றொன்று. எண்பத்தொன்பது. எண்பத்தாறு. பேசி முடிக்கும்போது எண்பத்து நான்கு. நடந்து வரும் ஒருவரின் வேகம் அதில் இருந்தது. அவள் அந்த நினைப்பை உடனே தள்ளிவிட்டாள்.

மாலையில் நகப்பூச்சுக் குப்பியை எடுத்துப் பார்த்தாள். மூடி இறுக்கமாக இல்லை. நேற்று தானே சரியாக மூடாமல் விட்டிருக்கலாம். அல்லது வேறொருவர் திறந்து, திரும்பிய கம்பத்தின் மேல் புதுக்கோடு ஒன்றை நேராக இழுத்திருக்கலாம். படுக்கையில் ஓரின் பக்கத்தில் படுத்து மூச்சு விடுவதை அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பவில்லை.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. அவ்வளவுதான். ஓரின் எஞ்சின் மூடியைத் திறந்து, குனிந்து, ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்தான்.

"பெட்ரோல் பம்ப் போச்சுன்னு நெனக்கிறேன்."

"நேத்து நல்லாத்தான ஓடுச்சு."

"நேத்து ஓடுச்சு. இன்னைக்கு ஓடல. நான் என்ன பண்ணட்டும் சொல்லு?"

வெர்னா அவன் கைகளைப் பார்த்தாள். கிரீஸ் படிந்திருந்தது. விரல் நுனிகளில் மட்டும்தானோ, வேலை செய்வதுபோல் நடித்தானோ என்று தோன்றியது. இனி யாரைக் கூப்பிட்டாலும் வந்து சேர இரண்டு மணி நேரம், திரும்பிப் போக இரண்டு மணி நேரம். பத்து மணி தாண்டிவிடும். இனி ஆன்டெனாதான்.

ஒன்பது மணிக்கு ஓரின் ஏணியில் ஏறினான். மேற்கில் இல்லை. வடக்கில் இல்லை. ஒரு முழுச் சுற்று சுற்றினான். எங்குமே இல்லை.

"வருதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல ஓரின்! மெதுவாத் திருப்பேன்!"

"இதுக்கு மேல மெதுவாத் திருப்பினா நான் இங்கயே செத்துருவேன்!"

இன்னும் ஒரு சுற்று. மணி ஒன்பது நாற்பது. அவள் கண் கலங்கிவிட்டது. கம்பத்தில் ஏதோ கோளாறு என்று ஓரின் ஆன்டெனாவைக் கழற்றிக் கையில் எடுத்தான். களைப்பில் அவன் கை தாழ்ந்து, ஆன்டெனாவின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்தது.

அறுபத்திரண்டு.

"நில்லு! அப்படியே நில்லு! அசையாத!"

"இப்படியேவா?"

"ஆமா, இப்படியேதான்! எங்க பாத்து இருக்கு அது?"

"கீழ," என்றான் ஓரின். "கூரைய. நம்ம டிரெய்லரத்தான் பாத்துக்கிட்டிருக்கு."

அப்படி இருக்கவே கூடாது. வெளியே இருக்கும் ஆன்டெனா, உள்ளே பூஸ்டரோடு இருக்கும் சின்ன ஆன்டெனாவைப் பார்த்தால் பூஸ்டர் தன் குரலையே கேட்டு மிரண்டு சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். வெர்னா பெட்டியைப் பார்த்தாள். பச்சை. அமைதியான பச்சை. அவளுக்கு யோசிக்க நேரமில்லை. மடிக்கணினியைக் கைபேசியோடு இணைத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பெஞ்சில் உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்தாள். மேசையின் எதிர்ப்பக்கப் பெஞ்சில் ஓரினின் தொப்பி கிடந்தது.

பத்து மணி. திரை விழித்தது.

மூன்று அதிகாரிகள். ஒரு மூலையில் கோல்பி. இளைத்திருந்தான். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. "ஹாய்ம்மா," என்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க குரல் ரொம்பத் தெளிவாக் கேக்குது மேடம்," என்றார் நடுவில் இருந்த பெண்மணி. "சொல்லுங்க."

அவள் சொல்லத் தொடங்கினாள். அவன் எழுதிய கடிதங்களைப் பற்றி. லைலின் பெயரை அவன் ஒரு கடிதத்திலும் விடாததைப் பற்றி. அருகே கைபேசியில் எண் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்து மூன்று. கோபுரத்தின் காலடியில் நின்றபோதுகூட அது அறுபதுக்குக் கீழே இறங்கி அவள் பார்த்ததில்லை.

டிரெய்லர் அமுங்கியது.

அதில் குடியிருப்பவர்களுக்கு அது தெரியும். யாராவது படியில் கால் வைத்தால் வீடு முழுக்க அந்தப் பக்கம் ஒரு விரற்கடை தாழும். அவர் உள்ளே வந்துவிட்டால் நிமிரும்.

தாழ்ந்தது. நிமிர்ந்தது.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. உப்பும் ஈரச் சேறும் கலந்த ஒரு வாடை வந்தது. இந்த ஏரியில் தண்ணீர் வற்றி யுகம் ஆகியிருக்கும்.

"வெர்னா!" கூரைத் திறப்பிலிருந்து ஓரின் அலறினான். "படி அமுங்குச்சு! அங்க யாரும் இல்ல, ஆனா அமுங்குச்சு! வெளிய வா! எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வா!"

இதற்குத்தான் காத்திருந்தான், என்று அவள் நினைத்தாள். பம்ப், கம்பம், எல்லாம் இதற்குத்தான். சரியாக இந்த நிமிஷத்துக்கு. அவள் திரும்பவில்லை.

"என் மகன் நல்லவன்," என்றாள் திரையிடம். "ஒரு ராத்திரி தப்புப் பண்ணிட்டான்."

மேலே ஏதோ நழுவியது. கூரையில் மோதி, பின்பக்க ஜன்னலைத் தாண்டி, தரையில் விழுந்தது. ஆன்டெனா. போச்சு. எல்லாம் போச்சு.

போகவில்லை. கோல்பியின் முகம் இன்னும் தெளிவானது. இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது.

நாற்பது. முப்பத்து மூன்று.

ஜன்னலுக்கு வெளியே வெளுத்த தரையில் ஓரின் ஓடிக்கொண்டிருந்தான். அறுபது வயது மனிதன், கைகளை வீசி, திரும்பிப் பார்க்காமல். சிறுத்துக்கொண்டே போனான்.

அப்படியென்றால் அவன் பொய் சொல்லவில்லை.

"மேடம்? கேக்குதா?"

"கேக்குது."

எதிர்ப் பெஞ்சின் மெத்தை மெல்ல இறங்கியது. தொப்பி நசுங்கியது. பஞ்சிலிருந்து காற்று நீளமாக வெளியேறியது. மேசை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது, யாரோ முழங்கைகளை ஊன்றியதுபோல்.

எழுந்து ஓடலாம். கதவு நான்கடி தூரம். எழுந்தால் அது போய்விடும். அது போனால் சிக்னல் போய்விடும். மகன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டிருந்தான்.

அவள் எழவில்லை.

"கடைசியா ஒண்ணு," என்றார் அந்தப் பெண்மணி. "வெளிய வந்தா உங்களோடதான் இருப்பாரு இல்லையா? இப்ப அந்த வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

வெர்னா வாயைத் திறந்தாள். எண் பத்து. ஏழு. நான்கு.

எதிர்ப் பெஞ்சில் இருந்த பள்ளம் நகர்ந்தது. ஜன்னல் ஓரமாக ஒதுங்கி, நெருங்கி உட்கார்ந்தது. பக்கத்தில் ஒருவருக்கு இடம் விடுவதுபோல்.

டிரெய்லர் மறுபடி அமுங்கியது.